குளிர் காலையில் மட்டும் கடகடப்பு

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 15 வயது. குளிர் அதிகமான காலைகளில் என்ஜின் உயிர் பெற்றதும் 'கடகட' என்று சத்தம். இரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது. பகலில் வருவதே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஸ்டார்ட்டர் கோளாறு என்றால் பெரும்பாலும் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதே சத்தம் வரும். உங்களுக்கோ என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. என் சந்தேகம் டைமிங் செயின் மேல்தான். என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி அது. பல என்ஜின்களில் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. இரவில் ஆயில் கீழே வடிந்துவிடும். குளிரில் கெட்டியான ஆயில் மேலே ஏற நேரமாகும். அதுவரை தளர்ந்த செயின், அதை வழிநடத்தும் கைடு என்ற பட்டையில் அடிக்கும்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் என்ன கிரேடு ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண்தான் குளிரில் ஓடும் திறனைச் சொல்வது. அது குறைய ஆயில் சீக்கிரம் ஏறும். கார் கையேடு சொல்லும் கிரேடையே ஊற்றுங்கள். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், மலிவானது வேண்டவே வேண்டாம். ஆயில் வடியாமல் தடுக்கும் வால்வு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் என்ஜினில் செயினுக்குப் பதில் பெல்ட் இருந்தால், வால்வைத் தள்ளித் திறக்க உதவும் வால்வு லிஃப்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் சத்தம் மெல்லிய 'டிக் டிக்'.

ஆயில் மாற்றியும் சத்தம் நீண்டுகொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள். நீண்டுபோன செயின் பல்சக்கரத்தில் பல் தாண்டினால், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சரிசெய்யும் வரை, ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள்.