கல்லாவில் கைவைத்த மகனுக்கு நேர்மையை எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகன் (13 வயது) சாயங்காலம் கொஞ்ச நேரம் கல்லாவில் உட்காருவான். போன மாதம் ஒருநாள் கணக்கில் 500 ரூபாய் குறைந்தது. கேட்டதற்கு ‘நான் எடுக்கவே இல்லை’ என்று சாதித்தான். நண்பர்களுக்கு ஷவர்மா வாங்கித் தந்தது அப்புறம் இன்னொரு பையனின் அம்மா மூலம் தெரிந்தது. அவன் அப்பா அடித்துவிட்டார், கடைப் பக்கமே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். இவன் குறள் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவன், பள்ளியில் நீதிபோதனை வகுப்பும் உண்டு. பிறகு ஏன் இப்படி? நல்ல புத்தகம், வகுப்பு, கோடை முகாம் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: புத்தகமும் முகாமும் அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். 13 வயதில் ஒருமுறை வீட்டுப் பணத்தை எடுத்துக் கூட்டாளிகளுக்குச் செலவழித்த பையன் திருடனாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. ‘இன்னைக்கு நான் வாங்கித் தர்றேன்டா’ என்று நாலு பேர் முன்னால் சொல்ல முடிவது அந்த வயதில் ரொம்பப் பெரிய விஷயம், அதற்கான காசு கையில் இல்லாததும் அதே அளவுக்குப் பெரிய விஷயம். செய்தது தப்பு, அதைத் தப்பு என்றே அவனிடம் சொல்லுங்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பணம் எடுத்த அன்று ராத்திரி ‘அப்பா, எடுத்துட்டேன்’ என்று சொல்ல அவனுக்கு உங்கள் வீட்டில் ஒரு வழி இருந்ததா என்பதுதான். இல்லை என்றால் முதலில் அந்த வழியைத் திறக்க வேண்டும். மற்ற எல்லாப் பாடமும் அதற்குப் பின்னால்தான்.

பரிசு வாங்கியவன் ஏன் பொய் சொன்னான் என்று கேட்கிறீர்கள். இது பழைய கேள்வி. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 11,000 பிள்ளைகளைப் பலவிதமாகச் சோதித்துப் பார்த்தார்கள்: காப்பி அடிக்க வாய்ப்பு கொடுத்தால் அடிக்கிறார்களா, காசைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் எடுக்கிறார்களா, கேட்டால் பொய் சொல்கிறார்களா என்று. வகுப்பில் காப்பி அடிக்காத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது, காசைத் தொடாத பிள்ளை வீட்டுப்பாடத்தில் பொய் சொன்னது. எது சரி, எது தப்பு என்று வாயால் சரியாகச் சொல்லத் தெரிந்ததற்கும் அந்த இடத்தில் அப்படி நடந்துகொண்டதற்கும் பெரிய சம்பந்தம் தென்படவில்லை. உங்கள் மகனுக்குக் குறள் தெரியும், அது மனதில் இருப்பதும் நல்லதுதான், ஒருநாள் கைகொடுக்கும். ஆனால் கல்லா முன்னால் நேர்மையாக இருப்பதைக் கல்லா முன்னால்தான் பழக முடியும்.

அடி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் விடும்போதே ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிவிட்டு வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துவிட்டது. வீட்டில்? அங்கே யாரும் கேட்பதில்லை. விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றில் தப்புக்குப் பிரம்படி, இன்னொன்றில் கண்டிப்பும் திட்டும் மட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அதிகமாகப் பொய் சொன்னதும், அந்தப் பொய்யை மாட்டிக்கொள்ளாமல் கொண்டுபோனதும் அடிவாங்கும் பள்ளிப் பிள்ளைகள்தான். அடி அவர்களுக்குத் தப்பைவிட மாட்டிக்கொள்வதைத்தான் பயப்படக் கற்றுக்கொடுத்தது. மகனின் அப்பாவிடம் இதைப் பழி சொல்வது போலச் சொல்லாதீர்கள், கோபம் அவருக்கு நியாயமாகவே வந்திருக்கிறது, உழைத்த காசு. அடித்தால் அடுத்த முறை நமக்குத் தெரியாமலே போய்விடும் என்று சொல்லிப் பாருங்கள், கடை நடத்துகிறவருக்கு அந்தக் கணக்கு புரியும்.

இனி ஏதாவது கேட்க வேண்டி வந்தால் எப்படிக் கேட்பது? உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தால் கேள்வியே கேட்காதீர்கள். ‘நீ எடுத்தியா?’ என்று தெரிந்துகொண்டே கேட்பது பொய் சொல்ல அவனுக்கு நாமே ஒரு வாய்ப்பு கொடுப்பதுதான். ‘நீ எடுத்தது தெரியும், ஏன்னு பேசலாம் வா’ என்று ஆரம்பியுங்கள். உண்மையிலேயே தெரியாது என்றால், கேட்பதற்கு முன்னால், ‘இப்ப நான் ஒண்ணு கேப்பேன், உண்மையைச் சொல்றேன்னு வாக்குக் குடு’ என்று கேளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை வைத்து ஏஞ்சலா எவன்ஸும் காங் லீயும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை பொய் சொன்ன பிள்ளைகள் அப்படி வாக்குக் கொடுத்த பிறகு பொய்யை விட்டு உண்மைக்கு மாறும் வாய்ப்பு எட்டு மடங்கு கூடியிருந்தது. ஆனால் ‘அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு’, ‘பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்’ இதெல்லாம் வேண்டாம். அது வாக்கு இல்லை, மிரட்டல். அப்புறம், அவன் உண்மையைச் சொன்ன அந்த நிமிடம் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த முறை சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வான். ‘சொன்னியே, நல்லது’ என்பதை முதலில் சொல்லிவிட்டு, தண்டனையைப் பற்றி மறுநாள் பேசுங்கள்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 500 ரூபாயை அவன் திருப்பித் தரவேண்டும், முழுசாக. உங்கள் கடிதத்தில் அவனுக்குக் கைச்செலவுக்குப் பணம் தருவதாக ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் கேட்கிறேன்: வாரத்துக்கு 50 ரூபாயோ 100 ரூபாயோ, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். அதில் பாதியைக் கடனுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதியை எதற்குச் செலவழித்தாய் என்று நோண்டாதீர்கள். கல்லாவில் கட்டுக்கட்டாகப் பணத்தைப் பார்த்துக்கொண்டு தன் பையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

கடைப் பக்கம் வராதே என்று அவன் அப்பா சொன்னது சரியில்லை என்பது என் கருத்து. அவனைத் திரும்பக் கல்லாவில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். முதல் ஒரு மாதம் அவன் எழுந்திருக்கும்போது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பணத்தை எண்ணி நோட்டில் எழுதட்டும், குறைந்தாலும் கூடினாலும் கோபப்படாமல் ஏன் என்று தேடட்டும், தராசில் எடை போட, கடன் நோட்டு எழுத, தேதி முடிந்த பாக்கெட்டைத் தட்டிலிருந்து எடுத்து வைக்க, சில்லறை கூடுதலாகப் போய்விட்டால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல எல்லாம் அவனைச் செய்யவிடுங்கள். நேர்மை என்றால் என்ன என்பதற்கு ஒரு மளிகைக் கடையைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை, அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நம்பினால்தான் நம்பிக்கைக்கு உரியவனாக நடந்துகாட்ட அவனுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

அப்படி உட்காரவைத்தால் உங்களுக்கும் ஒரு வேலை வரும். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். வசூலுக்கு வந்தவரிடம் ‘அப்பா இல்லைன்னு சொல்லு’ என்று அவனை அனுப்புகிறோமா? பேருந்தில் அரை டிக்கெட் 12 வயது வரைக்கும்தான், கண்டக்டர் கேட்டால் 11 என்று சொல்லச் சொன்னோமா? இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்க 13 வயது ஆகவேண்டும், அதற்கு முன்னாலேயே பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுத் தந்தது யார்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஹேஸ், கார்வர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்து அறையில் மிட்டாய் இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொல்லி ஏமாற்றிய பள்ளி வயதுப் பிள்ளைகள், ஏமாற்றப்படாத பிள்ளைகளைவிட அதிகமாக விதியை மீறினார்கள், கேட்டபோது அதிகமாகப் பொய்யும் சொன்னார்கள். அந்த ஒரு சின்னப் பொய்க்கே அவ்வளவு. நீங்கள் மகனிடம் ஏதாவது வாக்குக் கொடுத்துச் செய்யாமல் விட்டிருந்தால், இந்த வாரமே அதைச் செய்துவிடுங்கள். முடியாது என்றால் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.

கதைப் புத்தகம் கேட்டீர்களே. 13 வயதுக்காரனுக்கு நீதிக்கதை கொடுத்தால் இரண்டாவது பக்கத்திலேயே எதற்கு என்று கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொய் சொன்னால் ஓநாய் தின்றுவிடும், மூக்கு நீளும் என்று பயமுறுத்தும் கதைகளைவிட, மரத்தை வெட்டிவிட்டு உண்மையைச் சொன்ன பையனை அப்பா மெச்சிக்கொள்ளும் கதைதான் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் உண்மையை வரவழைத்தது என்று காங் லீ குழு 2014இல் காட்டியது. பெரியவனோடு கதை வேண்டாம், கேள்வி பேசுங்கள். ‘கூட்டாளி பரீட்சையில் காப்பி அடிக்கிறான், உனக்கு மட்டும்தான் தெரியும், என்ன செய்வே?’ என்று சாப்பிடும்போது கேட்டுவிட்டு, அவன் சொல்லும் பதில் பிடிக்காவிட்டாலும் குறுக்கே பாயாமல் கடைசிவரை கேளுங்கள். கோடை முகாமுக்கு அவனே ஆசைப்பட்டால் அனுப்புங்கள், திருத்துவதற்காக அனுப்பாதீர்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம். பணம் திரும்பத் திரும்பக் காணாமல் போனால், தொகை பெரிதாகிக்கொண்டே போனால், அவன் பள்ளிக்குப் போகவே பயந்தால், யாராவது மிரட்டிக் காசு கேட்கிறார்களா, செல்போன் விளையாட்டில் கட்டுகிறானா, வேறு ஏதாவது பழக்கம் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது வீட்டில் பேசி மட்டும் தீராது. மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டுக்கும் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம்.