கேத்தலின் தடையும் வலுவும்: வோல்ற்றும் அம்பியரும் தெரிந்தால் கணிப்பது எப்படி?

கல்லடி வீட்டில் கேத்தலைப் போட்டபோது 230 வோல்ற்று, 8.7 அம்பியர், இரவில் 200 வோல்ற்றுக்கு இறங்கினால் என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடை = வோல்ற்று ÷ அம்பியர். 230 ÷ 8.7 = 26.4 ஓம். வலு இரண்டின் பெருக்கம், ஏறத்தாழ 2000 வாற்று.

பலர் சறுக்குவது 200 வோல்ற்றில்தான். 200 × 8.7 = 1740 என்று போட்டுவிடுவார்கள். தவறு. மாறாமல் நிற்பது தடை, ஓட்டம் (அம்பியர்) அல்ல. ஓட்டம் 200 ÷ 26.4 = 7.58 அம்பியராகக் குறையும்; வலு 1515 வாற்றுத்தான். வோல்ற்று 13 வீதம் இறங்க, வலு கால்பங்கு போய்விடும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கச் சுணங்குவது அதனால்தான்.

அம்பியர் அளக்க, வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீற்றரை ஒரே வயரில் மாட்டுங்கள். இரண்டு வயரையும் சேர்த்து மாட்டினால் பூச்சியம் காட்டும். ஓம் அளக்கும்போது பிளக் கழற்றியிருக்க வேண்டும்.

குண்டு பல்ப்பில் இந்தக் கணக்கைச் சரிபார்க்கப் போனால் குழம்புவீர்கள்: எரியும்போது 529 ஓம் உள்ள 100 வாற்று பல்ப், குளிர்ந்திருக்கையில் அதில் பத்திலொன்றுக்கும் குறைவாகக் காட்டலாம். கிணற்று மோட்டரிலோ 230 × 4 = 920 என்பது உண்மையான வாற்று அல்ல; வலுக்காரணி (அந்தப் பெருக்கத்தில் உண்மையான வலுவாகும் பங்கு) 0.8 என்றால் 736 வாற்றுத்தான்.

இன்னொன்று: அந்தக் கேத்தலைப் பழைய 5 அம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், சூடேறி உருகக்கூடும். 13 அம்பியர் பிளக்தான் வேண்டும்.