வாசகர் கேள்வி பதில்: யுனிக்ஸ் உறுதி யார் பெயரில்?

கேள்வி: வகுப்பு நடத்திய காலத்து விண்டோஸ் 98 கொம்பியூட்டர் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, எறிய மனம் வரவில்லை. மைக்ரோசொப்ட் அதைக் கைவிட்டுவிட்டது, இனி யாரும் கொப்பி பண்ணலாம் என்கிறான் மகன். சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

பதில்: சரியில்லை மாஸ்டர். விற்பதை நிறுத்துவது வேறு, உரிமையை விடுவது வேறு. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 யூலையில் முடிந்தது, ஆனால் பதிப்புரிமை இன்றைக்கும் மைக்ரோசொப்டிடம்தான் இருக்கிறது. எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலைப் பாதுகாக்கப்பட்ட படைப்பாகத்தான் எடுக்கிறது. உங்கள் பெட்டியோடு வந்த உரிமம் இருந்தால் அந்தப் பெட்டியில் தாராளமாக ஓட்டுங்கள், இன்ரநெட்டில் மட்டும் கொழுவ வேண்டாம்.

எறிய மனம் வராதது எனக்கு நல்லாய் விளங்குது. ஏ9 பாதை திறந்தபின் கொழும்பில் இருந்து வந்து இறங்கிய பழைய பென்டியம் பெட்டிகளில்தானே எங்களில் பலர் மவுஸ் பிடிக்கப் பழகினோம். கரண்ட் போய் வந்தால் நீலத் திரையில் டிஸ்கைச் சோதிக்கும் ஸ்கான்டிஸ்க் ஓடும், அது முடியும்வரை முழு வகுப்பும் கதிரையில் காத்திருக்கும். வகுப்பு முடிந்து ஷட்டவுன் கொடுத்தால் கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்தில் இனி அணைக்கலாம் என்று வரும், அதற்குப் பிறகுதான் சுவிட்சை அமத்த வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கும் அதைக் காட்டத்தான் வேண்டும்.

உரிமையாளர் மனம் வைத்தால் வழி இருக்கிறது. விண்டோஸுக்கு முந்தின எம்எஸ்-டொஸ் இயங்குதளத்தின் 1.25, 2.0 பதிப்புகள் இரண்டின் மூலநிரலையும் மைக்ரோசொப்ட் 2014இல் பார்வைக்கு விட்டு, 2018இல் யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது, 2024இல் 4.0 பதிப்பையும் அப்படியே விட்டார்கள். விண்டோஸ் 98க்கு அது நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். இவ்வளவு பழையதைப் பூட்டி வைத்து அவர்கள் உழைக்கப்போவது ஒன்றும் இல்லை.

கேள்வி: லினக்ஸ் திருட்டுச் சரக்கு என்று ஒரு கம்பனி வழக்குப் போட்டதாக விரிவுரையாளர் சொன்னார். என்ன நடந்தது, யார் வென்றார்கள்?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: எஸ்சிஓ குழுமத்தின் வழக்கைச் சொல்கிறார் தம்பி. 2003 மார்ச்சில் அவர்கள் ஐபிஎம்மை அமெரிக்காவின் யூட்டா மாநில நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். கொம்பியூட்டரை ஓட்டும் பழைய இயங்குதளமான யுனிக்ஸ் தங்கள் சொத்து, அதன் நிரலை ஐபிஎம் களவாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குள் போட்டுவிட்டது, நூறு கோடி டொலர் நட்டஈடு வேண்டும் என்பது கோரிக்கை, பிறகு அந்தத் தொகையையும் கூட்டினார்கள். அதோடு விடாமல் லினக்ஸ் பாவிக்கும் கம்பனிகளுக்குக் கடிதம் அனுப்பி, ஒரு புரொசசருக்கு 699 டொலர் கட்டி உரிமம் எடுங்கள் என்று கேட்டார்கள். சும்மா கிடைத்த சாமானுக்கு!

யுனிக்ஸ் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கியது, ஏரி அன்ட் ரி கம்பனியின் பொருள். 1993இல் அதை நொவெல் வாங்கியது, 1995இல் நொவெல் யுனிக்ஸ் வியாபாரத்தை சாந்தா குரூஸ் ஒப்பரேஷன் என்ற கம்பனிக்கு விற்றது, 2001இல் அவர்களிடம் இருந்து கல்டெரா வாங்கி, அடுத்த வருடம் தன் பெயரையே எஸ்சிஓ என்று மாற்றிக்கொண்டது. கல்டெரா யார்? லினக்ஸ் விற்றுவந்த கம்பனி. அதே கல்டெராதான் 2002 தொடக்கத்தில் ஆதிகால யுனிக்ஸ் பதிப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது, இன்றைக்கு நாங்கள் பழைய யுனிக்ஸை ஓட்டிப் பார்ப்பது அந்தப் புண்ணியத்தில்தான். இவ்வளவு நல்லது செய்தவர்கள் அடுத்த வருடமே இந்த வழக்குக்குப் போனதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

வழக்கு விழுந்தது 1995 ஒப்பந்தத்தில். அதோடு சேர்த்த அட்டவணை ஒன்றில், விற்பனையில் சேராதவை என்ற பகுதியில், பதிப்புரிமைகள் அனைத்தும் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் காணியை எழுதிக்கொடுத்துவிட்டு கிணற்றுப் பங்கை உறுதியில் விட்டுவிடுவார்களே, பிறகு இரண்டு தலைமுறைக்கு கோடேறுவார்களே, அதே கதைதான். 1996இல் போட்ட திருத்தம் ஒன்று, வாங்கிய சாந்தா குரூஸுக்குத் தேவையான பதிப்புரிமை மட்டும் போகலாம் என்பதுபோல் வார்த்தையை மாற்றி இன்னும் குழப்பியது. 2007 ஓகஸ்டில் நீதிபதி டேல் கிம்போல் உரிமை நொவெலுக்கே என்றார், அடுத்த மாதம் எஸ்சிஓ வங்குரோத்து மனுப் போட்டது. மேல்முறையீட்டில் அது திரும்பி ஜூரிக்குப் போக, 2010 மார்ச்சில் ஜூரியும் நொவெலுக்கே என்றது. ஐபிஎம் வழக்கின் மிச்சம் 2021இல்தான் தீர்ந்தது, ஐபிஎம் 1 கோடியே 42 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கட்டி முடித்துக்கொண்டது. 18 வருடம்! களவாடிய நிரல் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தது எதுவும் இல்லை.

இதற்கு முந்தின வழக்கு ஒன்றையும் படியுங்கள், அதுதான் உண்மையில் வரலாற்றைத் திருப்பியது. 1992இல் ஏரி அன்ட் ரியின் யுனிக்ஸ் பிரிவு, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தின் நிரலை விற்ற கம்பனி மீது வழக்குப் போட்டது. 1994இல் சமரசமானபோது ஏறத்தாழ 18,000 கோப்புகளில் அகற்ற வேண்டி வந்தது 3 மட்டும். ஆனால் அந்த இரண்டு வருடமும் பிஎஸ்டியைத் தொட ஆட்கள் பயந்தார்கள், அந்த இடைவெளியில்தான் 1991இல் பிறந்த லினக்ஸ் கிடுகிடுவென்று வளர்ந்தது. நல்ல இயங்குதளம் ஒன்றை வழக்கில் தோற்கடிக்கத் தேவையில்லை, பயத்தை விதைத்தால் போதும் என்பது எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: அப்பா எழுதிய ஊர் வரலாறு பழைய எக்ஸ்பி கொம்பியூட்டரில் கிடக்கிறது, இப்போது அது ஓன் ஆகுதில்லை. சில பைல் வேர்டில், சில பேஜ்மேக்கரில், எழுத்து பாமினி.
– வாசகி, பருத்தித்துறை

பதில்: முதலில் திரும்பத் திரும்ப சுவிட்ச் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள் தங்கச்சி. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடப்ரர் ஒன்றில் கொழுவி, எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். வேர்ட் பைல்களை லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரை அடோபி எப்போதோ விட்டுவிட்டது, அவர்களின் இன்றைய இன்டிசைனும் அந்தப் பைலைத் திறக்காது, ஆனால் லிப்ரே ஒபிஸில் அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். வடிவமைப்பு குலையலாம், எழுத்து கிடைத்தால் போதும்.

எழுத்து குப்பைபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் பதிவாகியிருக்கும், அதை இன்றைய பொது எழுத்துமுறையான யுனிகோட்டுக்கு மாற்றும் மாற்றியில் போட்டால் தமிழாகிவிடும். ஒரு பக்கத்தை மாற்றி, அப்பாவின் அச்சுப் பிரதி இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு மிச்சத்தை மாற்றுங்கள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி மென்பொருள் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஊர் வரலாறு என்றபடியால், வேலை முடிந்ததும் நூலக நிறுவனத்தாருடனும் கதையுங்கள், 2005இல் இருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள்.