கேள்வி – பதில்: கௌடி தொங்கவிட்ட நூல்கள்

பார்சிலோனா நகரத்துக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுள் மூன்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தைப்பூசத்துக்கு நாங்கள் மூங்கிலை வளைத்துக் கட்டும் காவடியும், படங்களில் காணும் கௌடியின் வளைவுகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. அவர் கட்டடத்தையே தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தவர் என்று, கட்டடக்கலை பயிலும் என் மகள் சொல்கிறாள். உண்மையா ஐயா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மகள் சொல்வது உண்மைதான், அம்மா. ஆனால் காவடி நிற்கும் காரணம் வேறு. வளைத்த மூங்கிலின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்குண்கிறது. மூங்கில் இரண்டையும் தாங்கும். கல்லும் செங்கல்லும் நெருக்கத்தைத் தாங்குமே தவிர, இழுத்தால் விரிசல் விட்டுவிடும்.

வீட்டு வாசலில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு சாமந்திச் சரத்தைத் தளர்வாகக் கட்டிப் பாருங்கள். சரம் தன் எடையினாலேயே ஒரு வளைவைத் தேடிக்கொள்ளும். அதில் இருப்பது இழுப்பு ஒன்றுதான். அந்த வடிவத்தை அப்படியே கவிழ்த்துக் கல்லில் கட்டினால், இழுப்பெல்லாம் நெருக்கமாக மாறி, கல்லுக்கு ஏற்ற வளைவாகிவிடும் என்பதை ராபர்ட் ஹூக் 1675லேயே சொல்லிவிட்டார். இப்போது சரத்தின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கோத்துவிடுங்கள். அந்த இடத்தில் சரம் கூராக இறங்கும். பாரம் எங்கே கூடுகிறதோ, அங்கே வளைவும் மாறியாக வேண்டும்.

கௌடி இதை ஒரு முழுக் கோவிலுக்கே செய்தார். தொழிலதிபர் எவுசெபி குயெல், பார்சிலோனாவுக்கு அருகே தம் துணி ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தேவாலயம் கட்டித் தரும்படி 1898இல் கேட்டார். கௌடி பத்தில் ஒரு பங்கு அளவில் நூல்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தாங்கவேண்டிய பாரத்துக்கு ஏற்ப ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை அவற்றில் கட்டி, பல ஆண்டுகள் திருத்தித் திருத்திப் பார்த்தார். பிறகு அதைப் படம்பிடித்து, படத்தைத் தலைகீழாக்கி, அதன்மேல் தேவாலயத்தை வரைந்தார். 1908இல் தொடங்கிய வேலை 1914இல் நின்றுபோனதால் கீழ்த்தளம் மட்டுமே எழுந்தது. அங்கே சாய்ந்து நிற்கும் தூண்கள் விழப்போவதுபோல் தோன்றினாலும், பாரம் இறங்கும் வழியிலேயே ஒவ்வொன்றும் சாய்ந்திருக்கிறது. சூளையில் முறுகிப்போன செங்கற்களையும் அவர் ஒதுக்கவில்லை. ஆலையில் கழித்த தறி ஊசிகள் சன்னல் கம்பிகளாயின. அவர் கட்டியவற்றுள் தலைசிறந்தது இந்தப் பாதிக் கட்டடமே என்பது என் துணிபு.

கேள்வி: உடைந்த பீங்கானை வீட்டில் வைக்கக் கூடாது என்பார் எங்கள் பாட்டி. கௌடி உடைந்த ஓடுகளை ஒரு பூங்கா முழுவதும் பதித்தது ஏன்?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பாம்புபோல் நெளிந்து செல்லும் இருக்கையின்மேல் தட்டையான முழு ஓடு படியாது; உடைத்தால்தான் வளைவோடு ஒட்டும். திரென்காதிஸ் எனப்படும் இவ்வேலையில், 1900 முதல் 1914 வரை உருவான குயெல் பூங்காவில், ஜோசெப் மரியா ஜுஜோல் என்ற இளைய கட்டடக் கலைஞர் கௌடியோடு சேர்ந்து உழைத்தார். அந்த நெடும் இருக்கையின் வண்ணங்களில் அவருடைய பங்கு பெரிது. இருக்கை சூழ்ந்த திடலை 86 தூண்கள் தாங்குகின்றன. திடலில் பெய்யும் மழைநீர் மண்ணில் வடிகட்டப்பட்டு, தூண்களின் உள்ளே இறங்கி, அடியிலுள்ள தொட்டியில் சேர்கிறது.

கேள்வி: சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் வரைபடங்கள் எரிந்துவிட்டன என்கிறார்களே. அப்படியானால் இன்று எழுவது கௌடியின் கோவில்தானா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 1882இல் வேறொருவர் தொடங்கிய வேலையை, அடுத்த ஆண்டு 31 வயதில் கௌடி ஏற்றுக்கொண்டார். 1926 ஜூன் 7 அன்று டிராம் வண்டி மோதியபோது, எளிய உடையைக் கண்டவர்கள் அவரைப் பிச்சைக்காரர் என்றே நினைத்தார்கள். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. தம் கண்ணால் முழுமையாகக் கண்ட கோபுரம் ஒன்றே ஒன்றுதான். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பட்டறை சூறையாடப்பட்டது. வரைபடங்கள் எரிந்தன, ஜிப்சம் மாதிரிகள் துண்டு துண்டாயின.

அந்தத் துண்டுகளிலிருந்து முழு வடிவத்தையும் மீட்க முடிந்தது. கௌடி செப்புக் கலங்கள் அடிக்கும் கன்னாரின் மகன். தட்டைத் தகடு சுத்தியலடியில் குழிந்து கலமாவதைப் பார்த்து வளர்ந்தவர். கடைசிக் காலத்தில் அவர் பெரிதும் கையாண்ட வளைபரப்புகள் நேர்கோடுகளாலேயே பிறப்பவை: கொத்தனார் நூலை இழுத்துப் பிடித்து, அதைச் சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டே போனால் அந்தப் பரப்பு கிடைத்துவிடும். உடைந்த துண்டு ஒன்றை அளந்தால் அதன் விதி தெரியும், விதி தெரிந்தால் மீதி தெரியும். நியூசிலாந்தைச் சேர்ந்த மார்க் பர்ரி 1979 முதல் இவ்வழியில் பல ஆண்டுகள் உழைத்தார். பின்னாளில் கணினியும் துணைக்கு வந்தது.

ஆகவே மரங்கள்போல் கிளைத்துக் கூரையைத் தாங்கும் தூண்கள் கௌடியுடையவை என்று தயங்காமல் சொல்வேன். சிற்பங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மேற்கு முகப்பில் ஏசுவின் பாடுகளைக் காட்டும் கூர்முனை உருவங்கள், 1987இல் வேலையைத் தொடங்கிய சுபிராக்ஸ் என்ற சிற்பியின் சொந்தக் கைவண்ணம். அவற்றை அவர் பெயராலேயே பார்க்க வேண்டும்.