செல் நீட்டும் தட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதுகுவலிக்கு ரத்தம் பார்த்ததில் ‘எச்எல்ஏ பி27 பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. இனி நான் நோயாளியா?

இல்லை. பி27 பிறவியிலேயே வரும் மரபணு வகை. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் வருவதில்லை. ஆனால் முதுகெலும்பு இறுகிப்போகும் ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வந்த ஐரோப்பியரில் சுமார் 90 சதவீதம் பேரிடம் பி27 உண்டு. 1973இலேயே தெரிந்த தொடர்பு இது.

ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களை புரோட்டியசோம் என்ற நறுக்கும் இயந்திரத்தில் போட்டு நறுக்கும். துண்டுகள் டாப் என்ற வாசல் வழியே உள்ளறைக்குப் போகும். அங்கே ஈராப்1 என்ற என்சைம், பென்சில் சீவுவதுபோல முனையைச் சீவும். எட்டு, ஒன்பது அமினோ அமில நீளத்துக்கு வந்ததும் எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து செல்லுக்கு வெளியே நீட்டப்படும். நோயெதிர்ப்பு வீரர்களான டி செல்கள் தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டே போகும், அந்நியத் துண்டு தெரிந்தால் தாக்கும். பி27 அப்படியொரு தட்டுதான். அது இருப்பவர்களிடம் ஈராப்1 மந்தமாகச் சீவும் வகையாக இருந்தால் ஆபத்து குறைகிறது என்பது 2011இல் தெரியவந்தது. பி27 இல்லாதவர்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆக, தட்டோடு சீவலும் சேர்ந்தே கணக்கு.

ரிப்போர்ட்டைவிட உங்கள் காலை நேரம்தான் எனக்கு முக்கியம். எழுந்தபின் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடந்தால் குறைகிறது, பின்னிரவில் வலி எழுப்புகிறது என்றால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.

சீலியாக் (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) என்றார்கள். சப்பாத்தியை நிறுத்தியும் வயிறு சரியாகவில்லையே?

ரவை, சேமியா, பரோட்டா? எல்லாம் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு, டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். குடலில் உள்ள ஓர் என்சைம், கோதுமையின் புரதமான க்ளூட்டனின் துண்டுகளைச் சற்றே மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு டிக்யூ2, டிக்யூ8 என்ற எச்எல்ஏ தட்டுகளில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. வம்பு அங்கேதான்: அதைப் பார்த்து டி செல்கள் கிளம்பிவிடும்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை. ஏன்?

ஒரு காரணம், கட்டி தட்டையே ஒளித்துவைப்பது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் முட்டுக்கொடுத்தால்தான் தட்டு நிற்கும். அந்தப் புரதத்துக்கான மரபணுவைத் தொலைத்த புற்றுசெல், டி செல் கண்ணுக்கு வெறும் சுவர். சில கட்டிகள் அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்த எச்எல்ஏவை மட்டும் கழற்றிவிடும். மருந்து டி செல்லின் பிரேக்கை எடுக்கும், தட்டைத் திருப்பித் தராது. மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்ப்பதால் பயனுண்டா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அதே சிகிச்சையில் எனக்குத் தைராய்டு கெட்டுவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டும் தன் துண்டுகளை எப்போதும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிரேக் இருந்தவரை டி செல்கள் சும்மா இருந்தன. பெரும்பாலும் தினம் ஒரு மாத்திரையோடு சிகிச்சை தொடரும். ஆனால் விடாத வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால் அடுத்த டோஸ்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள்.