பருத்தி நூல்ல மஞ்சள் சாயம் ஏன் நிக்க மாட்டேங்குது?

பினாங்குல கைத்தறி கத்துக்கிறேன், படிகாரம் போட்டும் மஞ்சள்தூள்ல முக்கின நூல் ஜன்னல் ஓரத்துல வெளுத்துப் போச்சுன்னு கேட்டிருக்கீங்க. மஞ்சளோட குணமே அதுதாங்க, வெயில் தாங்காது, படிகாரத்தால முழுசா காப்பாத்த முடியாது.

பட்டுலயும் கம்பளியிலயும் புரோட்டீன் இருக்கு, படிகாரத்துல உள்ள அலுமினியம் நேரா ஒட்டிக்கும். பருத்தி அப்படி இல்ல, அதுக்கு முதல்ல கடுக்காய் தண்ணி வேணும், கடுக்காயில இருக்கிற டானின்ங்கிற துவர்ப்புச் சத்து நூல்ல உக்காந்து அலுமினியத்தைப் பிடிச்சு வைக்கும், அலுமினியம் சாயத்தைப் பிடிக்கும். கடுக்காயை லிட்டில் இந்தியா பக்கம் நாட்டு மருந்து சாமான் விக்கிற கடையில கேளுங்க. 100 கிராம் காஞ்ச நூலுக்கு 15-20 கிராம் படிகாரம் போதும். எல்லாத்துக்கும் முன்னாடி நூலை சலவை சோடா போட்டு நல்லா கொதிக்க வைங்க, இதை விட்டுட்டா சாயம் திட்டுத் திட்டாதான் வரும்.

நீலச் சாயம் தர்ற அவுரிக்கு படிகாரமே வேணாம். சாயத் தொட்டியிலிருந்து தூக்கும்போது நூல் மஞ்சப்பச்சையா இருக்கும், காத்து படப்பட கண்ணு முன்னாலயே நீலமாகும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கல.

சிவப்புக்கு மெங்குடு வேர், அதாங்க நம்ம நுணா. சரவாக்ல இபான் பழங்குடிப் பெண்கள் புவா கும்புங்கிற சடங்குத் துணி நெய்யிற நூலுக்கு காலங்காலமா இதைத்தான் போடுறாங்க, சாயத்துக்கு நூலைப் பக்குவம் பண்றதையே பெரிய சடங்கா செய்வாங்க, அவ்வளவு மரியாதை அந்த வேலைக்கு.

மஞ்சள் கலர்தான் வேணும்னா பலா மரத்தோட வைரக்கட்டையை சீவி கொதிக்க வைங்க. படிகாரம் ஏத்தின நூல்ல நல்ல தங்க மஞ்சள் வரும், மஞ்சள்தூளை விட ரொம்ப நாள் தாங்கும்.