திரையைப் பார்க்காமலும் சேலை வாங்கலாம்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம், இணையதளம் வழியாகவும் சேலை விற்கிறோம். பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர், சேலையைத் தேர்ந்தெடுத்த பிறகு பணம் செலுத்த முடியவில்லை என்று எழுதியிருந்தார். தளத்தை வடிவமைத்தவரோ, "இப்படி எத்தனை பேர் வரப்போகிறார்கள், செலவுதான் மிச்சம்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. சேலையைத் தேடி, விலையையும் ஏற்றுக்கொண்டு, பணம் கட்டும் இடம்வரை வந்துவிட்ட ஒருவரை உங்கள் தளம் திருப்பி அனுப்பியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். எட்டு வகைக் குறைபாடுகளை மட்டும் கேட்டுப் பதிந்த கணக்கு அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது. முதுமையில் பார்வை மங்கியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வடிவமைப்பாளரின் கேள்விக்கு வேறு விடை கிடைக்கும்.

பார்வையற்றவர்கள் கைபேசியில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்களின் துணையோடு இயங்குகிறார்கள். விரல் தொடும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை அந்தச் செயலி வாய்விட்டுச் சொல்லும். ஆனால் வாங்கும் பொருளைச் சேர்க்கும் பட்டனில் தள்ளுவண்டிப் படம் மட்டும் போட்டு, அதற்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தால் அது "பட்டன்" என்று மட்டுமே சொல்லும். அதை அழுத்தினால் சேலை வாங்கப்படுமா, நீக்கப்படுமா என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடி அறிவிப்பு முழுவதையும் ஒரே படமாக வடிவமைத்துப் பதிவேற்றும் வழக்கம் நம் கடைகளில் அதிகம். விலை, தேதி, நிபந்தனை எல்லாம் அந்தப் படத்துக்குள் இருப்பதால், படத்தில் உள்ளதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை சேர்க்கப்படாவிட்டால், அவற்றில் ஒன்றும் அவர் காதில் விழாது. சேலைப் படத்துக்கும் "படம் 12" என்று எழுதினால் பயனில்லை. "மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, முந்தியில் மாங்காய் வேலைப்பாடு" என்று எழுத வேண்டும். கடையில் நேரில் வருபவருக்கு விரித்துக் காட்டிச் சொல்லும் அதே விவரம்தான் இது. தேடுபொறிகளும் இந்த உரையைப் படித்தே படத்தைப் புரிந்துகொள்வதால், பார்வையுள்ள வாடிக்கையாளர்களும் உங்களை எளிதாகக் கண்டடைவார்கள்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். ஆனால் நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்ப்பவர் எவருக்கும் அது தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வலைத்தர நெறி.

அடுத்த மாதத் தொகையைக் கொடுப்பதற்கு முன், உங்கள் வடிவமைப்பாளரையே டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு சேலை வாங்கிக் காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கிருந்து திருத்தம் தொடங்கட்டும். பெயரில்லாத பட்டன்களுக்குப் பெயரிடுவதும் படங்களுக்கு உரை எழுதுவதும் தளத்தைப் புதிதாகக் கட்டும் வேலையல்ல.

கேள்வி: தனியார் கடைகளையும் சட்டம் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 46ஆவது பிரிவு, அரசு, தனியார் என்ற பேதமின்றிச் சேவை வழங்குவோர் அனைவருக்கும், மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதிகளைப் பின்பற்றும் கடமையை விதிக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும், கேமரா முன் கண் சிமிட்டினால்தான் அடையாளச் சரிபார்ப்பு முடியும் என்ற முறையால் வங்கிக் கணக்கு போன்ற சேவைகளைப் பெற முடியாமல் தவித்த துயரம் அந்த வழக்கின் பின்னணி. ஆகவே பணம் செலுத்தும் பகுதியை வெளிநிறுவனம் ஒன்று நடத்தினாலும், அது திரைவாசிப்பானில் முழுமையாக இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.